ஒரு பேருக்கு ஒரு ஆள்

தோட்டத்து ஆபிஸுக்கு முன்வாசல் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று காலை பல்லேகம பஸ்ஸிலிருந்து சந்தியில் இறங்கி, மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடு ஏறியபோது, என் கால்கள் தாமாகவே கட்டடத்தின் பக்கவாட்டுக்குத் திரும்பி, கம்பி போட்ட ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றன. தோட்டத்தில் பிறந்தவன் ஆபிஸோடு பேசுவது அந்த ஜன்னல் வழியாகத்தான். என் அப்பா பேசியதும் அம்மா பேசியதும் இப்படி ஒரு ஜன்னலில்தான். எனக்கு முன்னால் சில பெண்கள் நின்றார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

உள்ளே தோட்டத்து மனேஜர் துரையும் கொழும்புக் கொம்பியூட்டர் கம்பனியிலிருந்து வந்த மிஸ்ஸும் கன்சல்டன்டை இன்னும் காணவில்லையே என்று காத்திருந்தார்கள். அந்தக் கன்சல்டன்ட் நான்தான்.

என் முறை வந்ததும் பெரிய கிளாக்கர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்னப்பா, பேர் பதியவா? புதுப் பேர் எடுக்கிறதில்லன்னு எத்தன தரம் சொல்றது?"

"இல்லீங்க ஐயா... கொம்பியூட்டர் விஷயமா..."

"கொம்பியூட்டர் பொட்டியெல்லாம் பின்னால ஸ்டோர்ல எறக்கு. லொறி எங்க நிக்கிது?"

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி சிரித்தாள். "ஐயா, அவரு சப்பாத்துப் போட்டிருக்காரு பாருங்க. பொட்டி எறக்குற ஆளு மாதிரியா தெரியுது?"

"சப்பாத்துப் போட்டவனத்தான் இப்ப நம்ப ஏலாது," என்றார் கிளாக்கர்.

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் மிஸ் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இந்த வேலைக்குத் தலைமை அவர்தான்.

"அண்ணா! நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க? நாங்க உள்ளுக்கு உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

கிளாக்கர் உடனே கதிரையை விட்டு எழுந்து நின்றார். அவர் பேசியதைவிட அவர் எழுந்து நின்றதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. பெண்கள் சிரிப்பை நிறுத்தி வழிவிட்டார்கள். முன்வாசலுக்குச் சுற்றிப் போகும் வரை அவர்களுடைய பார்வை என் முதுகில் இருந்தது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. இதை எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பே கிடையாது. மேலே படிக்க மாத்தளை டவுனுக்கு நடக்க வேண்டும். நான் போக வேண்டிய வருடத்தில் கலவரம் வந்தது. எங்கள் லயத்தின் கோடியில் இருந்த காம்பராக்களுக்கு, அந்த ஒற்றை அறை வீடுகளுக்கு, தீ வைத்தார்கள். "உசுரு இருந்தா எழுத்து பொறகு வரும்" என்று அப்பா என்னை வீட்டில் நிறுத்தினார். எழுத்து பிறகு வந்தது. பள்ளிக்கூடம் வரவில்லை.

வாலிபத்தில் டவுனில் மிளகு, கராம்பு, ஜாதிக்காய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஸ்டோரில் சாக்குக் கட்டும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு நாள் கொம்பியூட்டர் வந்தது. அதற்கென்று குளிரூட்டிய கண்ணாடி அறை கட்டினார்கள். மிளகுத் தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. வாய் திறக்காதவன் என்பதால் முதலாளி என்னைப் போட்டார். தூசி துடைக்கப் போனவன் அப்படியே அந்த அறையில் தங்கிவிட்டேன். அதைத் திருத்தக் கொழும்பிலிருந்து வருபவர் தடித்த புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார். ஓர் அகராதியை வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தேன். முதலில் ஒரு பக்கத்தைத் தாண்டவே நாட்கள் பிடித்தன. பிறகு அவர் வருவதற்கு முன்பே நான் திருத்தி வைத்துவிடுவேன். பிறகு அவர் வருவதே நின்றுவிட்டது; கொம்பியூட்டருக்கான நிரலையும் நானே எழுதத் தொடங்கினேன்.

இப்படிக் கற்ற ஆங்கிலம் கண்ணால் கற்ற ஆங்கிலம். காதால் ஒரு சொல்லும் கேட்டதில்லை. 'மரபாகப் பெறுதல்', 'அருவமானது' என்பவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல் தெரியும். தேநீருக்குச் சீனி போதும் என்று சொல்லத் தெரியாது. முதன்முதலாகக் கொழும்பில் ஒரு கூட்டத்தில் ஒரு சொல்லை, எழுத்தில் இருக்கிறபடியே முழுவதாக உச்சரித்தேன். எதிரே இருந்த பையன் வாயைப் பொத்திக்கொண்டான். அன்றோடு கூட்டங்களில் பேசுவதை விட்டுவிட்டேன். கேட்டால் எழுந்து போய்ப் பலகையில் வரைவேன். 'அவர் பேச மாட்டார், வரைவார்' என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. என் கூச்சத்தை ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். தேநீர் நேரத்தில் யார் எந்தக் கேம்பஸ் என்று பேச்சுத் தொடங்கினால் நான் கை கழுவப் போய்விடுவேன். யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் நிரல் எழுதும் முறை மாறியது. ஒப்ஜெக்ட் முறை வந்தது. பழைய முறை, ஒரே கங்காணி நின்று எல்லாரையும் விரட்டி வேலை வாங்குவது மாதிரி. இந்தப் புதிய முறையில் ஒவ்வொரு பொருளும் தன் வேலையைத் தானே அறிந்தது. தன்னிடம் உள்ளதைத் தனக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும். மற்றவை அதனிடம் ஒன்றைக் கேட்கலாம். அதன் உள்ளே கை விட்டு எடுக்க முடியாது. உள்ளே உள்ளது உள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். யாரோ ஒரு கூச்சக்காரன்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. மற்றவர்கள் நிரலாகச் சிந்தித்துக்கொண்டிருந்தபோது நான் ஆட்களாகச் சிந்தித்தேன். எது யார், யாருக்கு எது தெரியும், யார் யாரிடம் கேட்க வேண்டும். மாத்தளையில் ஒரு இரும்புக்கடைக்கு மேல் அறை எடுத்துக்கொண்டு, கொழும்புக் கம்பனிகளுக்கு, நிரல் எழுதும் முன் போடும் சிக்கலான வரைவுகளைத் திருத்திக் கொடுக்கும் ஆளானேன். விசிட்டிங் கார்டில் கன்சல்டன்ட் என்று அவர்களே அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கார்டை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்த நிலையில்தான் தோட்ட வேலை வந்தது. தேயிலைத் தோட்டங்கள் பலவற்றை நடத்தும் ஒரு கம்பனி, செக்ரோல் என்கிற பேர்ப்பதிவையும் கொழுந்து நிறுப்பதையும் கொம்பியூட்டருக்கு மாற்ற நினைத்தது. முதலில் பரீட்சித்துப் பார்க்க எடுத்த தோட்டம் மாத்தளைப் பக்கம். அங்கேதான் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

வரைவு தொடங்கும் முன் வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்து அறிய வேண்டும். மற்றவர்கள் துரைமாரையும் கிளாக்கர்மாரையும் கேட்டார்கள். துரையிடம் கேள்வி கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். மச்சான் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்காவுக்கு இழுப்பு. குளிர் வந்தால் நாலடி நடக்கவே மூச்சு வாங்கும். கொழுந்து பறிக்க மலை ஏறுவது எப்போதோ நின்றுவிட்டது. மகள்தான் அடுப்படியிலிருந்து பிளேன்டீ கொண்டு வந்தாள். அவளுடைய விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன.

"நீ எப்ப மலைக்குப் போக ஆரம்பிச்ச? ஒனக்குப் பேர் பதிஞ்சாச்சா?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"புதுப் பேர் எங்க மாமா எடுக்கிறாங்க? நான் அம்மா பேர்ல போறேன்."

"அப்ப கணக்கப்பிள்ளைக்குத் தெரியாதா?"

"தெரியாமலா?" என்றாள் அக்கா. "காலையில ஆளெடுக்கிற பெரட்டுல எம் பேரக் கூப்பிடுவாரு. இவ 'வந்துட்டேன்'ம்பா. அவரு குனிஞ்சபடியே எழுதிக்குவாரு. ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல. நல்ல மனுசன்."

"தொரைக்கு?"

"தொரைக்கு நாமெல்லாம் ஒரே மொகந்தானேடா."

"மாமா, அம்மாவ விட நான்தான் நல்ல அம்மா. அம்மா பேருக்கு இப்பதான் கொழுந்து கூட நிக்குது."

"ஆமா, வயசு போகப் போக எனக்குக் கைவேகம் கூடுதுன்னு தொரை ஒரு நாளைக்குக் கூப்பிட்டு மெச்சப் போறாரு. அன்னைக்கு யாரு போறதுன்னு இப்பவே பேசி வச்சுக்கணும்."

சிரித்ததில் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. மகள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருமல் அடங்கியதும் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"வேற என்ன செய்யச் சொல்ற தம்பி? எம் பேர வெட்டிட்டா இந்த வீட்டுல வேற பேர் இல்ல. பேர் இல்லாத வீட்டுக்குக் காம்பரா குடுப்பாங்களா? சாமான தூக்கிக்கிட்டு எங்க போறது? நம்ம அம்மா பிள்ளப்பேத்துல கெடந்தப்ப சித்தி போகலயா? பேருன்னா யாராச்சும் ஒருத்தர் போய் நிக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. சிறுவயதிலிருந்து கண்டதுதான். தோட்டத்தில் பேர் என்பது ஆள் அல்ல. பேர் ஓர் இடம். குடும்பம் அந்த இடத்தை வெறுமையாக விடாது. இன்று ஒருத்தி நிற்பாள், நாளை இன்னொருத்தி. இடம் மட்டும் மாறாது.

அந்த வாரம் முழுக்க அறையில் இருந்து வரைந்தேன். பேருக்கு ஒரு பெட்டி. ஆளுக்கு இன்னொரு பெட்டி. நடுவில் ஒரு கோடு. கோட்டின் ஆள் பக்கத்து முனையில் ஒரு நட்சத்திரக் குறி. எங்கள் தொழிலில் அந்தக் குறிக்குப் 'பலர்' என்று பொருள். ஒரு பேருக்குப் பல ஆட்கள். இந்த இரண்டையும் பிரித்தவுடன் மற்ற முடிச்சுகள் எல்லாம் தாமாக அவிழ்ந்தன. கொழும்பில் மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருந்த விஷயங்கள், அரைநாள் வேலைக்கான அரைப்பேர், லீவு, பிரசவம், எல்லாம் ஒழுங்காகப் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. என் வாழ்நாளில் நான் வரைந்தவற்றில் அதுதான் சிறந்தது. இதைச் சொல்வதற்கும் எனக்கு வெட்கம்தான், ஆனால் அது உண்மை. உலகத்தை உள்ளபடி வரைய வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். நான் உள்ளபடி வரைந்தேன். வரைந்ததை யார் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

ஜன்னலிலிருந்து மிஸ் என்னைக் கூட்டிப்போன அந்தக் காலை, துரையின் அறைச் சுவரில் அந்தப் படம் இருந்தது. நான் கொழும்புக்கு அனுப்பியதைப் பெரிய தாளில் அச்சடித்து நான்கு மூலையிலும் ஒட்டியிருந்தார்கள்.

துரை இளம் வயதுக்காரர். சிங்களவர். கெட்டவர் இல்லை. "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று தோட்டத்துத் தமிழில் கதிரையைக் காட்டினார். துரைக்கு முன்னால் கதிரையில் உட்காருவது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். நுனியில் உட்கார்ந்தேன். பெரிய கிளாக்கரையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதவோரம் நின்றார். எனக்குக் கதிரை இன்னும் சுட்டது.

மிஸ் ஆங்கிலத்தில் விளக்கி, பேர் பதியும் திரை எப்படி இருக்கும் என்று மடிக்கணினியில் காட்டினார். துரை கவனமாகக் கேட்டார். சுவருக்கு எழுந்து போய்ப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு விரலை அந்த நட்சத்திரத்தில் வைத்தார்.

"இது என்ன? ஒரு பேருக்கு நெறைய ஆளா?"

"அது அண்ணாட டிசைன், சேர்," என்றார் மிஸ், பெருமையோடு. "அவரே சொல்லுவார்."

வழக்கமாக எழுந்து போய் வரைபவன், அன்று எழவில்லை.

"நம்ம தோட்டத்துல ஒரு பேருக்கு ஒரு ஆள்தானே?" துரை கதவுப் பக்கம் திரும்பினார். "என்ன கிளாக்கர், அப்படித்தானே?"

"ஆமாங்க சேர்," என்றார் கிளாக்கர். அவருடைய முகம் வெளிறிவிட்டது. அவருக்கு எல்லாம் தெரியும். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், ஜன்னலில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர் துரை ஒருவர்தான். அவருக்குத் தெரியாமல் இருப்பதில்தான் எத்தனையோ காம்பராக்களில் அடுப்பு எரிந்தது. கிளாக்கர் என்னைப் பார்த்தார். சற்று முன் லொறி எங்கே என்று கேட்டவர், இப்போது கண்ணால் என்னைக் கெஞ்சினார்.

"அப்ப இந்த ஸ்கிரீன் ஏன் வந்த ஆள் யாருன்னு தனியா கேக்குது?" துரையின் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்க எங்கயோ பாத்திருக்கீங்க. பாக்காம இத வரைய ஏலாது. எந்த டிவிஷன்ல பாத்தீங்க?"

டிவிஷனின் பெயரைச் சொன்னால் போதும். மறுநாள் காலை அவரே பெரட்டுக்களத்தில் வந்து நிற்பார். ஒவ்வொரு பேருக்கும் அடையாள அட்டையைக் கேட்பார். என் அக்காவின் பேரைக் கூப்பிட்டதும் இருபது வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வருவாள். நாட்டில் போர் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. ஒரு தமிழ்ப் பெண் இன்னொருத்தியின் பேரில் நடமாடுகிறாள் என்றால் அது பேர் வெட்டுவதோடு நிற்காது, பொலிஸுக்கும் போகும். அக்கா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த இஸ்தோப்பும், அவள் சிரித்துச் சிரித்து இருமியதும் என் கண்முன் வந்தன. அவள் தம்பியிடம் சொன்னாள். நான் அதைப் பெரிதாக அச்சடித்துத் துரையின் சுவரில் ஒட்ட வைத்துவிட்டேன். உள்ளே இருக்க வேண்டியது உள்ளேயே இருக்கட்டும் என்று மற்றவர்களுக்கெல்லாம் திருத்திக் கொடுத்தவன் நான்.

மிஸ் எனக்கு உதவ நினைத்தார். "அண்ணா நல்லா யோசிக்காம ஒண்டும் போடமாட்டார், சேர். பெரிய அனுபவம் உள்ளவர்." பிறகு என்னிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "நீங்க எந்தக் கேம்பஸ் அண்ணா? மொறட்டுவையா?"

இத்தனை வருடங்கள் கை கழுவப் போய்த் தப்பித்த கேள்வி அது.

நான் எழுந்து நின்றேன். தோட்டத்து ஆள் துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதும் பேச்சு தானாக வந்தது.

"தப்புங்க சேர். நான் கேம்பஸ் எல்லாம் போனதில்லீங்க. தோட்டப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு வரைக்குந்தான். இந்தப் படம் போடுறதெல்லாம் புத்தகத்தப் பாத்துப் பழகினது. அந்த நட்சத்திரத்தத் தெரியாமப் போட்டுட்டேன். ஒரு பேருக்கு ஒரு ஆள்தாங்க."

அவர்கள் மேலும் கேட்பார்கள் என்று நினைத்து இன்னொரு பொய்யையும் தயாராக வைத்திருந்தேன். புத்தகத்தில் ஒரு நூலகத்துக்கு வரைந்த படத்தைப் பார்த்துப் போட்டேன், அங்கே ஒரு தலைப்புக்குப் பல பிரதிகள் இருக்கும், அதை இங்கேயும் போட்டுவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அது தேவைப்படவில்லை. ஐந்தாம் வகுப்பு போதுமாக இருந்தது.

துரையின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இவ்வளவு நேரம் பொருந்தாமல் இருந்த ஏதோ ஒன்று அவருக்குப் பொருந்திவிட்டது போல.

"சரி, சரி. பரவாயில்ல," என்றார். பிறகு கதிரையைக் காட்டினார். "உக்காரு."

முதலில் 'உக்காருங்க' என்றவர் அவர். மாறியதை அவர் கவனித்திருக்க மாட்டார். நானும் உட்காரவில்லை. மிஸ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. எனக்காக அவர் வெட்கப்படுகிறார் என்று புரிந்தது. கதவோரம் நின்ற கிளாக்கர் மட்டும் நீளமாக மூச்சு விட்டார்.

இரண்டு பெட்டிகளையும் ஒன்றாக்கிவிடலாம் என்று அங்கேயே முடிவாயிற்று. மிஸ் ஒரு சிவப்புப் பேனையை எடுத்து நட்சத்திரத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டார்.

திரும்பும்போது கம்பனி வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ரத்தோட்டை தாண்டியதும், "நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம் அண்ணா. நாங்க ஒண்டும் நினைச்சிருக்க மாட்டோம்," என்றார் மிஸ். அதில் கபடம் இல்லை. பிறகு ஒரு தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, மடியில் வைத்து, இரண்டு பெட்டிகள் வரைந்தார். பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"இப்ப பாருங்க அண்ணா. ஒரு அம்மாவுக்குப் பல பிள்ளைகள் இருக்கலாம். ஆனா ஒரு பிள்ளைக்கு ஒரு அம்மாதான். அப்ப நட்சத்திரம் எந்தப் பக்கம் வரும்?"

"பிள்ளப் பக்கம் வரும் மிஸ்."

"கரெக்ட்! பாத்தீங்களா, கஷ்டமே இல்ல."

நான் தலையாட்டினேன். அவர் முதன்முதலாக வேலைக்கு வந்தபோது, அவருடைய வரைவுகளில் அந்த நட்சத்திரங்களை இடம் மாற்றி வைத்தது நான்தான். அப்போது எங்களுக்குள் தொலைபேசியும் ஈமெயிலும் மட்டும்தான். அதை நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சோதனைச் சாவடியில் வேனை நிறுத்தினார்கள். ஆமிக்காரன் என் அடையாள அட்டையை வாங்கி, படத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான். என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டான். வழக்கமாக 'கொம்பியூட்டர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவேன். அன்று அந்தச் சொல் வரவில்லை. மிஸ்தான் எனக்காகப் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை.

கொழும்பில் செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. யாரும் என்னைக் கேவலமாகப் பேசவில்லை. எல்லாரும் இன்னும் அன்பாக ஆனார்கள். ஈமெயில்களில் வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. வரைவுகளைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்புவது குறைந்தது; ஏற்கெனவே திருத்திய வரைவை அனுப்பி, அதன்படி தட்டச்சு செய்து தரச் சொன்னார்கள். அந்த வரைவுகளில் பிழைகள் இருக்கும். சிலவற்றைச் சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பினேன். சிலவற்றை அப்படியே விட்டேன். அது கோபத்தாலா என்று கேட்டால், இல்லை. நான் சொன்னால் எந்தப் படிப்பைக் கொண்டு சொல்கிறேன் என்று அவர்கள் யோசிப்பார்களே என்ற கூச்சம்தான்.

நான் சொன்ன பொய்யைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏதாவது பொய் சொல்லித்தான் இருப்பார்கள். எத்தனையோ வருடம் நான் மறைத்து வைத்த உண்மையை அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்க எடுத்தபோது, அது எவ்வளவு சுலபமாகப் பொருந்தியது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. என் படத்தைப் பார்த்து வியந்தவர்கள், என் வகுப்பைக் கேட்டதும் அந்தப் படத்தைத் திரும்ப ஒருமுறை பார்க்கவில்லை. ஒருவராவது, 'தெரியாமல் போட்டது இவ்வளவு அழகாக எப்படி வேலை செய்கிறது?' என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் அக்காவின் பேர் போயிருக்கும். கேட்கக் கூடாது என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில், யாராவது கேட்க மாட்டார்களா என்றும் என் மனம் ஏங்கியது. என் அக்காவின் கூரையைவிட என் படத்தை நான் அந்த ஒரு கணம் பெரிதாக நினைத்தேன். இது யாருக்கும் தெரியாது. வெட்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் புதிய நிறுவை இயந்திரம் வைத்தார்கள். கூடையைக் கொக்கியில் கொளுவினால் நிறை நேராகக் கொம்பியூட்டரில் விழும். முதல் நாட்களில் பக்கத்தில் இருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னை அனுப்பினார்கள். அந்த முறை நான் நேராக ஆபிஸ் ஜன்னலுக்குப் போனேன். கிளாக்கர் எழுந்து ஜன்னல் பக்கமாகக் குனிந்து, "முன்னால வாங்க, உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார். "இருக்கட்டுங்க ஐயா, மலைக்கு நேரமாச்சு," என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் நான் போகும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

மலையில், தகரக் கொட்டிலுக்குக் கீழே கணக்கப்பிள்ளையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வரிசையில் வந்தார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். பேர் திரையில் வரும், நிறை விழும், நான் ஒரு பொத்தானை அமுக்குவேன்.

அக்காவின் பேரைக் கூப்பிட்டார்.

"வந்துட்டேன்!"

தெரிந்த குரல். கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். திரையில் ஒரு பேர் இருந்தது. அதற்கு ஓர் ஆள். கூடை கொக்கியில் ஆடி நின்றது. நல்ல நிறை. கறுத்து வெடித்த விரல்கள் கூடையைக் கழற்றுவது மட்டும் என் பார்வைக்குத் தெரிந்தது.

கூடையைத் தூக்கியவள் உடனே நகரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்காவைப் போலவே இழுத்துச் சொன்னாள்.

"நல்ல மனுசன்."

நான் நிமிரவில்லை. பொத்தானை அமுக்கினேன். அடுத்த பேர் வந்தது.